வேன் திரும்புகிற அளவுக்கு ஒரு குடும்பம்

தொலைக்காட்சி நிலையத்தார் தசரதனின் குடும்பத்தை மாதிரிக் குடும்பமாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நிலையத்து வேனால் அந்த வீட்டு வாசலில் மட்டுமே திரும்ப முடிந்ததுதான். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே வந்தால், அந்தக் கிராமத்துத் தெருக்கள் எல்லாம் ஒற்றை மாட்டு வண்டிக்கு அளவெடுத்துப் போட்டவை. நுழைந்த வேன் பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். அரசாங்க வேனைப் பின்பக்கமாக நெடுந்தூரம் ஓட்ட டிரைவருக்கு உத்தரவு கிடையாது. தசரதன் வீட்டு முன்னால் நெல் காயப்போடுகிற இடம் கொஞ்சம் விரிந்து கிடந்தது. வேன் அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, ரோட்டுப் பக்கம் முகம் திருப்பி நின்றது. "இங்கியே வச்சிக்கலாம் சார்" என்றார் டிரைவர். தேர்வுக் குழுவின் பணி இனிது நிறைவேறியது.

அந்தக் குடும்பத்தில் ஒரு சின்னக் குறைதான். மனைவி இல்லை.

மனைவி கனகம் வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். கோபித்துக்கொண்டு போயிருந்தாள். தசரதன் அடித்தான், குடித்தான் என்று யாரும் சொல்ல முடியாது. அவன் எதுவுமே செய்ய மாட்டான். முக்கியமாகப் பேச மாட்டான். புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றால் "ம்". மீன் குழம்பு எப்படி என்றால் "ம்". மாமனார் செத்துப்போனார் என்று ஆள் வந்து சொன்னபோதும் "ம்" என்றுவிட்டுத்தான் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். கல்யாணமான நாளிலிருந்து கனகம் இதைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், பஞ்சாயத்து ஆபீசில் டிவி பெட்டி வருகிற வரைக்கும்.

அந்தப் பெட்டியில் சாயங்காலமானால் வனமாலா வருவாள். அறிவிப்பாளர். காதுக்கு மேலே ஒரு ரோஜாவைச் செருகிக்கொண்டு, நேராகப் பார்த்து, "வணக்கம்" என்பாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பதிலுக்குக் கும்பிடுவார்கள். வனமாலாவுக்கு ஜலதோஷம் பிடித்த வாரம், நாலு வீட்டில் சுக்குக் கஷாயம் வைத்து, எப்படி அனுப்புவது என்று தெரியாமல் தாங்களே குடித்தார்கள். "உங்கள் கருத்துகளை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்" என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான் கனகம் அழுதாள்.

"யாரோ எவளோ, மெட்ராஸ்ல குந்திகினு என் கருத்த கேக்கறா. நீ என்னிக்காவது கேட்டிருக்கியா?" என்றாள் புருஷனிடம்.

தசரதன் யோசித்தான். "ம்" என்றான்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் போய்விட்டாள். பத்து நாள் கழித்து அவளுடைய அண்ணன் நடேசன் சைக்கிளில் வந்து தகவல் சொன்னான். ஆள் பார்க்கப் பனைமரம் மாதிரி இருப்பான். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன்.

"மாப்ள, இதான் பேச்சு. வர்ற வெள்ளிக்கெழம எங்க வூட்டுக்கு வரணும். நாலு பெரிய மனுசங்க முன்னால வாயத் தொறந்து, நீயே கூப்புடணும். வேற ஆளு உனுக்காகப் பேசக் கூடாது. வரலன்னா அடுத்த நாளே பஞ்சாயத்து வச்சி தாலியக் கழட்டிக் குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கும் எங்க பொண்ணு."

அந்த வட்டாரத்தில் கோபித்துக்கொண்டு போன பெண்ணை அழைத்துவரும் முறை அதுதான். புருஷன் போய், சாப்பிட்டு, சபையில் எழுந்து நின்று தன் வாயால் கூப்பிட வேண்டும். ஊமைக்குக்கூட விலக்கு உண்டு, தசரதனுக்குக் கிடையாது. அன்று முதல் அவன் ஏரிக்கரையில் எருமை மேய்க்கும்போதெல்லாம் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் தேறிக்கொண்டு வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை வேன் வந்தது.

நிகழ்ச்சியின் பெயர் 'உள்ளபடியே ஒரு குடும்பம்'. தயாரிப்பாளர் கண்ணப்பன் கட்டிலில் ஏறி நின்று கூடியிருந்த ஊருக்கு அதன் நோக்கத்தை விளக்கினார்.

"பெரியோர்களே, இந்த நிகழ்ச்சியின் உயிர்மூச்சு உண்மை. நடிப்பு கிடையாது. அலங்காரம் கிடையாது. ஒரு விவசாயக் குடும்பத்தின் ஒரு நாள் எப்படி நடக்கிறதோ அப்படியே நாடு பார்க்கப்போகிறது. அது எப்படி நடக்கிறது என்பதை நாங்கள் ஆறு மாதத்துக்கு முன்பே எழுதி, மூன்று பிரதி தட்டச்சு செய்து, டெல்லிக்கு அனுப்பி, ஒப்புதல் வாங்கிவிட்டோம். ஒப்புதல் வாங்கிய உண்மையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை."

ஊர் கை தட்டியது. பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டம் எல்லாருக்கும் முன்னால் தட்டினார். தன் ஊரிலேயே உண்மை இருந்திருக்கிறது என்பது அவருக்கே புதிய செய்தி.

கூட்டம் கலைந்ததும் தசரதன் தலைவரின் பக்கத்தில் போய் நின்றான். "நாளிக்கி வாலாஜாபாத் போவணும் தலைவரே."

"போலாம் போலாம். ஒரு நாள் வேலதான? இன்னிக்கே முடிஞ்சிரும். எவனுக்குக் கெடைக்கும் இந்த சான்சு? மூஞ்சக் கழுவிகினு வா."

அந்த ஒரு நாள் எப்படி முடிந்தது என்றால், முடியவில்லை. எழுத்துப்படி முதல் காட்சி சூரியோதயம். கேமராக்காரர்களுக்கு டியூட்டி பத்து மணிக்கு. எனவே சூரியோதயத்தை மதியத்துக்கு மேல் எடுத்தார்கள், கேமராவில் ஒரு மஞ்சள் கண்ணாடியை மாட்டி. தசரதன் உச்சி வெயிலில் கட்டிலிலிருந்து சோம்பல் முறித்து எழுந்தான். நாலாவது தடவை எழுந்தபோது நிஜமாகவே தூக்கம் வந்துவிட்டது.

அடுத்து மாடு. தசரதனிடம் இருந்தது எருமை. கண்ணப்பன் எருமையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எழுத்தில் பசு என்று இருக்கிறது. அதுவுமில்லாமல், சமுதாயக் கூடங்களில் இருப்பதெல்லாம் கறுப்பு வெள்ளைப் பெட்டி. இதைக் காட்டினால் இருட்டு நடந்து போகிற மாதிரி தெரியும். நேயர்கள் கரண்ட் போய்விட்டது என்று எழுந்து போய்விடுவார்கள்."

தலைவர் வீட்டுப் பசு வந்தது. அதன் பின்னாலேயே தலைவர் வீட்டுப் பேரன் பேத்தி இரண்டு பேரும், இரு குழந்தைகள் என்ற இடத்தை நிரப்ப, பவுடர் பூசிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் டியூட்டி நேரம் முடிந்துவிட்டது. மற்றவை நாளை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் தசரதன் வேட்டி சட்டையோடு, கையில் பழமும் வெற்றிலையும் வைத்த பையோடு வாசலில் இறங்கினான். எதிரே கண்ணப்பன்.

"வெளியே எங்கே கிளம்பிவிட்டீர்கள்? இன்றைக்குத்தான் மனைவி சம்பந்தப்பட்ட காட்சிகள்."

"பொண்டாட்டி வாலாஜாபாத்துல கீறா சார். கோச்சிகினு பூட்டா. நான் போய்க் கூப்ட்டாத்தான் வருவா. இன்னிக்கே போவணும்."

அதுவரை தசரதன் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கண்ணப்பன் தாள்களைப் புரட்டினார். புரட்டிவிட்டு வருத்தத்தோடு தலையாட்டினார்.

"இந்த நிகழ்ச்சியில் சண்டைக்கு இடம் ஒதுக்கவில்லையே. மனைவி வீட்டில் இருக்கிறாள், சிரித்த முகம், பெயர் பொன்னி. உங்கள் மனைவி ஊரில் இல்லை என்பது உங்கள் சொந்த விஷயம். அதில் நாங்கள் தலையிட மாட்டோம். பொன்னி பதினோரு மணிக்கு வந்துவிடுவார்."

"சாயங்காலம் கடைசி பஸ்ஸு கீது. அதுக்குள்ள வுட்டுருவீங்களா?"

"எங்கள் ஜீப்பே கொண்டு விடும்" என்றார் கண்ணப்பன். அரசாங்க ஜீப்பில் வெளியார் ஏறக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு கலைஞனை உற்சாகப்படுத்துவதற்கு விதிகள் எதிலும் தடை இல்லை.

பொன்னியாக வந்தவள் ரத்னா. நிலையத்தின் அங்கீகாரம் பெற்ற 'பி' கிரேடு நாடகக் கலைஞர். மனைவி என்றால் 'பி' போதும். மாமியார் வேஷத்துக்குத்தான் 'ஏ' கிரேடு. அவள் வேனிலிருந்து இறங்கி, குங்குமத்தை அகலப்படுத்திக்கொண்டு, தசரதனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்கண்ணே. குடும்பக் கட்டுப்பாட்டுல மூணு பேருக்குப் பொண்டாட்டியா இருந்திருக்கேன். சிறுசேமிப்புல ஒரு வாத்தியாருக்கு இருந்தேன். நீங்க பாட்டுக்கு சும்மா நில்லுங்க, நான் பாத்துக்கறேன்."

எல்லாவற்றுக்கும் மேலாக, வனமாலாவும் வந்திருந்தாள். நிகழ்ச்சியை வழங்குவது அவள்தான். அவள் காரிலிருந்து இறங்கி "வணக்கம்" என்றபோது ஊர் முழுதும் ஒரே சமயத்தில் கும்பிட்டது. கும்பிட்ட பிறகுதான் இந்தத் தடவை பெட்டி இல்லை என்பது உறைத்து, சிலர் இன்னொரு தடவை கும்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் வனமாலாவின் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கலர்லதான்மா கீற நீ" என்றாள் பரவசத்தோடு.

காட்சிகள் நடந்தன. தசரதன் சாப்பிட்டான், ரத்னா பரிமாறினாள். குழந்தைகள் படித்தார்கள், தசரதன் மகிழ்ந்தான். பசு உதைத்தது, அதை வெட்டிவிடுவதாகச் சொன்னார்கள். பசுவை இல்லை, காட்சியை. வெயில் சாய்ந்தது. ஜீப் எங்கே என்று தசரதன் கேட்டபோது, டீசலுக்குப் போயிருக்கிறது என்றார்கள். கடைசி பஸ் கூட்டுரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது அவன் வீட்டு வாசல்வரைக்கும் கேட்டது.

தசரதன் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டான். பையில் வெற்றிலை வாடிப் போயிருந்தது. எதிரே, மடக்கு நாற்காலியில், குடையின் கீழ் வனமாலா. அவள் அவனைப் பார்த்தாள். பெட்டியில் எப்படிப் பார்ப்பாளோ அப்படியே, முகத்தை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன் என்பது மாதிரி பார்த்தாள். அவன் வாய் திறந்துகொண்டது.

"எனுக்குப் பேச வராதும்மா. நான் பேசலன்னா நல்லா இல்லன்னு அர்த்தம் கெடையாது. அவ மீன் கொழம்பு வச்சா ரெண்டாவது வாட்டி சோறு கேப்பேன், அதான் என் பேச்சு. அது அவுளுக்குத் தெரியல. போன வருசம் எனுக்கு ஜொரம் வரசொல்ல, ராவெல்லாம் தல மாட்டுல குந்திகினு இருந்தா. நான் தூங்கற மாரி கண்ண மூடிகினு இருந்தேன். தூங்கல. முழிச்சா எழுந்து பூடுவாளோன்னுதான். அவ ஏரிக்கரையில வரசொல்ல கொலுசு சத்தம் கேட்டா எருமகூட திரும்பிப் பாக்கும். இப்ப எருமயும் பாத்துகினே கீது, நானும் பாத்துகினே கீறேன். வூட்ல சத்தமே இல்ல. கனகம், வந்துரு. அவ்ளோதான் சொல்லணும்னு இருந்தேன். இன்னிக்கி சொல்லணும்னு இருந்தேன்."

வனமாலா முழுவதையும் கேட்டாள். தலையை இரண்டு முறை அசைத்தாள்.

"தங்கள் கருத்துகளை எங்களோடு பகிர்ந்துகொண்டமைக்கு நேயர்கள் சார்பில் மிக்க நன்றி" என்றாள்.

அவள் மேல் குற்றமில்லை. அவளுக்கு அந்தப் பேச்சுத்தான் தெரியும். வீட்டில் பால்காரனிடமும் அப்படித்தான் பேசுவாள் என்று டிரைவர் சொன்னார். ஆனால் மைக் கிணற்று ராட்டினத்தில் மாட்டியபடியே இருந்தது. கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணப்பன் ஓடி வந்து தசரதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அபாரம். அப்படியே பொன்னியைப் பார்த்துச் சொல்கிற மாதிரி ஒட்டிவிடலாம். உணர்ச்சி முதல் தரம். மொழிதான் நிலையத்தின் தரத்துக்கு இல்லை. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

மறுநாள், சொன்ன சொல் தவறாமல் நடேசன் வந்தான். கூட இரண்டு மில் ஆட்கள். வாசலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் கண்டது, தன் தங்கை புருஷன் கட்டிலில் உட்கார்ந்திருக்க, எவளோ ஒருத்தி அவன் வாயில் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த காட்சி. நடேசன் சட்டைக் கையைச் சுருட்டினான்.

"ஏண்டா தசரதா, இதுக்குத்தான் நீ வரலியா?"

தசரதன் எழுந்தான். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் வனமாலா நடேசன் பக்கம் திரும்பி, "வணக்கம்" என்றாள்.

சுருட்டிய கை தானாக இறங்கிக் கும்பிட்டது. "வணக்கம்மா" என்றான் நடேசன், குரல் உடைந்து. "எங்க வாலாஜாபாத்துல தெனம் ஒங்களத்தான் பாக்கறது. எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது. அதுங்கூட ஒங்க கொரலு கேட்டா கும்புடும்."

"உயரமான ஆள்" என்றார் கண்ணப்பன், கேமராக்காரரிடம். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளிக் காகிதம் ஒட்டிய பலகை ஒன்றை நடேசன் கையில் கொடுத்தார்கள். தங்கையின் வாழ்க்கையைத் தீர்க்க வந்தவன், அவளுடைய புருஷன் முகத்திலும் பொன்னியின் முகத்திலும் நாளெல்லாம் வெயிலடித்துக்கொண்டு நின்றான். வேர்த்து வழிந்தபோதும் பலகையை ஆட்டவில்லை.

போகும்போது தசரதனைத் தனியே கூப்பிட்டான். "மாப்ள, தப்பா நெனச்சிக்காத. பஞ்சாயத்த இப்பத்திக்கி நிறுத்தி வக்கறேன். டிவில வரட்டும். பாத்துட்டு பேசிக்கலாம்."

"கனகத்தாண்ட சொல்லு மச்சான். அது பொண்டாட்டி கெடையாது. ஆபீசு ஆளு."

"சொல்றேன் சொல்றேன்" என்ற நடேசன், ஊர் போய்ச் சேர்ந்ததும் சொன்னது வனமாலாவின் வணக்கத்தைப் பற்றி மட்டும்தான்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான சாயங்காலம் ஊரே பஞ்சாயத்து ஆபீசில் இருந்தது. தசரதனை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பெட்டியில் அவன் வீடு வந்தது. தலைவர் வீட்டுப் பசு வந்தது. பிறகு கிணற்றடியில் அவனே வந்தான். வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து வேறு ஒரு ஆள் பேசினான். தொண்டையில் தேன் தடவிய மாதிரிக் குரல்.

"பொன்னி! என் மௌனமே உன் சமையலுக்கு நான் வாசித்தளித்த பாராட்டுப் பத்திரம். நோயுற்ற வேளையில் நீ விழித்திருந்தாய். நான் உறங்குவதுபோல் நடித்திருந்தேன், உன் அருகாமையை இழக்க அஞ்சி. உன் பாதச் சலங்கையின் ஒலி கேட்டு ஆநிரைகளும் தலை நிமிரும். வந்துவிடு, பொன்னி."

ரத்னா தலை குனிந்து புன்னகைத்தாள். பின்னணியில் வீணை.

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பாப்பம்மாள் தசரதனின் முதுகில் ஒரு அடி வைத்தாள். "இவ்ளோ பேச்ச வயித்துக்குள்ள வச்சிகினுதான் அந்தப் பொண்ண அழ வச்சியா தம்பி? இத்த அவகிட்ட சொல்லியிருந்தா போயிருப்பாளா?"

தசரதன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். வாலாஜாபாத்திலும் இதே நேரத்தில் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸிலேயே கனகம் வந்துவிட்டாள். தகரப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"யாருய்யா அந்தப் பொன்னி?"

"ரத்னான்னு ஒரு அம்மா. என்ன அண்ணேன்னுதான் கூப்புடும்."

"ஜொரத்துல நான் குந்திகினு இருந்தது, அவளாண்ட இன்னாத்துக்குச் சொன்ன?"

"அவளாண்ட சொல்லல. உன்னாண்ட சொல்றதுதான். டிவி அம்மாவாண்ட சொன்னேன்."

"எங்கிட்ட சொல்ல வேண்டியத ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க. எனுக்கு மட்டும் சொல்லல." அவள் குரல் தாழ்ந்தது. "தூங்கலியா அன்னிக்கி நீ? நெசமாவா?"

தசரதன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாள் ஒத்திகை பார்த்த வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. "கனகம்" என்றான். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்துக்கு யாரும் பலகை பிடிக்கவில்லை.

வாசலில் வேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

கண்ணப்பன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இறங்கினார். பின்னால் ரத்னா, அதற்கும் பின்னால் வனமாலா. தலைவர் கோதண்டம் எங்கிருந்தோ மூச்சிறைக்க ஓடி வந்தார்.

"நேற்று இரவிலிருந்து நிலையத்தில் டெலிபோன் ஓயவில்லை. டைரக்டரே பார்த்தார். அவர் இதுவரை எதையும் பார்த்ததில்லை. பொன்னியும் தசரதனும் தொடரப்போகிறார்கள், மாதம் ஒரு முறை. இன்றே தொடங்குகிறோம்."

"சார், என் பொண்டாட்டி வந்துட்டா" என்றான் தசரதன்.

கண்ணப்பன் கனகத்தைப் பார்த்தார். மனிதர் பண்பாளர், கும்பிட்டார். "மிக்க மகிழ்ச்சி. ஆனால் நேயர்கள் ஒரு மனைவியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நடுவில் மனைவியை மாற்றுவது ஒழுக்கக் கேடு. நிலையம் அதை அனுமதிக்காது. ஒன்று செய்யலாம், எழுத்தில் பக்கத்து வீட்டுப் பெண் என்று ஒரு பாத்திரம் இருக்கிறது. அம்மாவுக்கு முகவெட்டு நன்றாக இருக்கிறது."

தசரதன் கனகத்தைப் பார்த்தான். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தான். அந்த வாய்க்கு வாலாஜாபாத்தே பயப்படும். கனகமும் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

வனமாலா முகத்தை லேசாகச் சாய்த்தாள். "வணக்கம். இதைப் பற்றித் தங்கள் கருத்து?"

கனகத்தின் கை மெல்ல மேலே வந்து குவிந்தது. அப்படியே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"பக்கத்து வூட்டுக்காரிக்குப் பேச்சு கீதாம்மா?"

இருந்தது. ஒரு வரி இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் பக்கத்து வீட்டிலிருந்து வருவதே உள்ளபடியான முறை என்று கண்ணப்பன் சொன்னார். பாப்பம்மாள் பெருமையோடு தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். தகரப் பெட்டியைத் தலைவரே தூக்கிக்கொண்டு போனார். மதியத்துக்குள் தசரதன் வீட்டு வாசலில் ரத்னா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், அவன் கட்டிலில் உட்கார வைக்கப்பட்டான், விளக்குகள் எரிந்தன.

பாப்பம்மாள் வீட்டு வேலிக்கு மேலே கனகத்தின் முகம் எழுந்தது. பவுடர் பூசியிருந்தார்கள். சொல்லிக்கொடுத்த மாதிரியே, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள்:

"என்ன பொன்னி, உன் வீட்டுக்காரர் இருக்கிறாரா?"

"இங்கதாங் கீறேன் கனகம்" என்றான் தசரதன், கட்டிலிலிருந்து எழுந்து நின்று. "இங்கதாங் கீறேன். வூட்டுக்கு வா, போலாம்."

"கட்" என்றார் கண்ணப்பன். அவர் கோபப்படவில்லை, புதியவர்கள் செய்கிற தவறுதான். அருகே வந்து, அவன் தோளைப் பிடித்து, பக்குவமாக உட்கார வைத்தார்.

"இந்தக் காட்சியில் உங்களுக்குப் பேச்சு இல்லை."